பனிச் சாலைக்கு டயர் வாங்கிய கதை

வண்டி நிற்கவில்லை.

கனடாவின் கால்கரி நகரில் நவம்பர் மாத முதல் வாரம், காலை ஏழரை மணி. முந்தின இரவு பெய்த பனியை வண்டிகள் மிதித்து மிதித்துச் சாலை கண்ணாடிபோல் ஆகியிருந்தது. எங்கள் குடியிருப்பைத் தாண்டியதும் வரும் முதல் சந்திப்பில் சிவப்பு விளக்கு. நான் 35 கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தேன். பிரேக்கை மிதித்தேன். பிரேக் மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. வண்டி மட்டும் தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தக் கோட்டைத் தாண்டி, பாதசாரிகள் கடக்கும் இடத்தையும் தாண்டி, சந்திப்பின் நடுவில் போய்த்தான் நின்றது.

இடது பக்கமிருந்து மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டிய பெண்மணி என்னை முன்பே கவனித்துவிட்டார் போலும். பச்சை விளக்கு விழுந்தும் அவர் மெதுவாகவே வந்தார். எனக்கும் அந்தப் பேருந்துக்கும் நடுவில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்திருக்கும், அவ்வளவுதான். ஜன்னல் ஓரத்தில் கம்பளித் தொப்பி போட்ட பிள்ளைகள் சிலர் என்னை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சிறுவன் கையசைத்தான். என் கை ஸ்டீயரிங்கை விட்டு வரவே இல்லை.

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துச் செம்மண் பாதையில், மழைக்காலச் சேற்றில் ஹைலக்ஸ் ஓட்டிப் பழகியவன் நான். எந்தச் சாலையும் என்னை ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு அன்று காலை அந்தச் சந்திப்பிலேயே முடிந்தது.

ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே!

கால்கரிக்கு நான் வேலைக்கு வந்தது அந்த ஆண்டு ஏப்ரலில். ரெட் டியர் நகரத்துப் பக்கம் உள்ள எரிவாயு ஆலைகளில் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நெடுஞ்சாலையில் ஒரு வழிக்கே 150 கிலோமீட்டர் போக வேண்டும். அதனால் ஜூலையில் ஒரு பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாங்கினேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. விற்றவர் டயரைத் தட்டிக் காட்டி, “எம்+எஸ் போட்டிருக்கிறது பாருங்கள். சேறு, பனி இரண்டுக்கும் இதுவே போதும்” என்றார். நானும் நம்பினேன்.

பேருந்துச் சம்பவம் நடந்த அன்று மாலையே ஒரு டயர் பட்டறைக்குப் போனேன். பட்டறையை நடத்துபவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக அங்கே வாழ்பவர். நடந்ததைச் சொன்னேன். “அண்ணே, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அப்புறம் ஏன் இப்படி வழுக்குது?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “தம்பி, ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வெளிக்கிட வைக்கும். நிப்பாட்டாது. எல்லா வண்டிக்கும் நாலு சில்லிலயும் பிரேக் இருக்குத்தானே? அதில உங்கட பெரிய வண்டிக்கும் ஒரு சின்னக் காருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஓடுறதுக்கு என்ன டயர் எண்டு கேக்காதேங்கோ. நிப்பாட்டுறதுக்கு என்ன டயர் எண்டு கேளுங்கோ.”

பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிட்டது. நான்கு சக்கரமும் இழுப்பதால் பனியில் வண்டி சுலபமாகக் கிளம்பிவிடுகிறது. அதனால் சாலை நன்றாக இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தோன்றுகிறது. பிரேக்கை மிதிக்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

கணக்காகவே பார்க்கலாம். காய்ந்த தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு ஏறக்குறைய 12 மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டி மூடிய சாலையில் டயருக்குக் கிடைக்கும் பிடி எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால், அதே வண்டி நிற்க ஏறக்குறைய 100 மீட்டர் வேண்டும். பிரேக்கை மிதிக்கலாம் என்று நாம் முடிவெடுக்கும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை.

பிக்கப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஞ்சின் முன்னால் இருக்கிறது. பின்னால் இருக்கும் பெட்டி காலி. அதனால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைவு; வளைவில் வண்டியின் வால் தனியாக விலகப் பார்க்கும். மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்டுவது அங்கே பலருடைய வழக்கம். கட்டாமல் விட்டால், விபத்தில் அந்த மூட்டைகளே முன்னால் பாய்ந்து வரும்.

ரப்பரும் விறைக்கும்

சாதாரண டயருக்கும் குளிர்கால டயருக்கும் வித்தியாசம் மேலே தெரியும் பள்ளங்களில் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். முக்கிய வித்தியாசம் ரப்பரில் இருக்கிறது. வெப்பநிலை ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதும் சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. விறைத்த ரப்பர் சாலையின் மேடுபள்ளத்தோடு ஒட்டாது. மேலாகச் சறுக்கிக்கொண்டு போகும். நம் ஊரில் கேமரன் மலையின் விடியற்காலைகூட அந்த 7 டிகிரியைத் தொடுவது அபூர்வம். கால்கரியிலோ −30 வரை இறங்கும் நாள்கள் உண்டு.

குளிர்கால டயருக்கு இயற்கை ரப்பர், குளிரில் இளகியே இருக்கும் செயற்கை ரப்பர், சிலிக்கா போன்றவற்றைச் சேர்த்துக் கலவை செய்கிறார்கள். கடும் குளிரிலும் அது மெதுமெதுவென்று இருக்கும். கூடவே, டயரின் ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியதுபோல் மெல்லிய கோடுகள் ஏராளமாக இருக்கும். வண்டி ஓடும்போது இந்தக் கீறல்கள் திறந்து மூடி, பனிக்கட்டியின் விளிம்புகளைப் பற்றிக்கொள்கின்றன.

மென்மையான ரப்பர் என்பதால் கோடை வெயிலில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால்தான் அங்கே அக்டோபரில் மாட்டி ஏப்ரலில் கழற்றுகிறார்கள். வீட்டுக்கு வீடு கொட்டகையில் நான்கு டயர் அடுக்கி வைத்திருப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது?

பட்டறைக்கார அண்ணன் என்னைக் குனிய வைத்து டயரின் பக்கவாட்டைப் படிக்கச் சொன்னார். எம்+எஸ் என்ற எழுத்து பள்ளங்களின் அமைப்பை மட்டும் குறிப்பது. அந்த டயரைப் பனியில் ஓட்டிச் சோதித்துப் பார்த்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. தேட வேண்டியது வேறு ஒரு சின்னம்: மூன்று சிகரமுள்ள மலை, அதன் நடுவே ஒரு பனித்துகள். பனியில் இழுவைச் சோதனை நடத்தி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய டயருக்குத்தான் அந்தச் சின்னம் கிடைக்கும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தச் சோதனை அமுக்கப்பட்ட பனியில் வண்டி முன்னேறும் இழுவையை அளக்கிறது. பனிக்கட்டியில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அது சொல்லாது. எனவே சின்னம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படிதான். ஆண்டு முழுவதும் மாட்டியே வைக்கும் ‘ஆல் வெதர்’ வகை டயர்களிலும் இந்தச் சின்னம் இருக்கிறது. டயர்களை அடுக்கி வைக்க இடமில்லாமல், நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு அது ஒரு வழி. அதிகாலை இருட்டில் 150 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகும் எனக்கு, முழுக் குளிர்கால டயர்தான் சரி என்று அண்ணன் சொன்னார்.

சட்டம் இந்த விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதலே விதி தொடங்கிவிடும். அங்கே எம்+எஸ் டயரையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் பள்ளம் 3.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். நான் இருக்கும் ஆல்பர்ட்டாவில் கட்டாயம் எதுவும் இல்லை. சட்டம் கேட்கவில்லையே என்று நான் சும்மா இருந்ததும் அன்றைய சறுக்கலுக்கு ஒரு காரணம்.

பிக்கப் என்றால் சுமையும் பார்க்க வேண்டும்

கார் டயர் வாங்குவதைவிட பிக்கப்புக்கு வாங்குவது கொஞ்சம் சிக்கல். காரணம் சுமை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். டயரின் அளவு, காற்றழுத்தம், வண்டி ஏற்கக்கூடிய சுமை எல்லாம் அதில் இருக்கும். என் வண்டிக்கு 275/65ஆர்18 அளவு.

இந்த அளவில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, எல்டி என்று தொடங்கும் கனரக வகை. பக்கச்சுவர் தடிப்பானது, அதிகக் காற்றழுத்தம் வேண்டும், பாரம் ஏற்றுபவர்களுக்கும் டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் ஏற்றது. மற்றொன்று, எஸ்யூவிகளுக்கும் இலகுரக பிக்கப்புகளுக்கும் பொதுவாக வரும் சாதாரண வகை.

பெரிய வண்டிக்குப் பெரிய டயர்தானே நல்லது என்று நான் எல்டி வகையைக் காட்டினேன். அண்ணன் கேட்டார்: “பின்னுக்கு என்ன ஏத்துறனீங்கள்?”

“கருவிப் பெட்டி, ஏணி. சனிக்கிழமை மளிகைச் சாமான்.”

“அதுக்கு ஏன் தம்பி லொறி டயர்?”

காலி வண்டியில் அந்தத் தடித்த டயர் குதித்துக் குதித்து ஓடும், வசதியும் குறையும். சாதாரண வகையில் நான் பார்த்த டயரின் சுமைக் குறியீடு 116. அதாவது ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும். இந்த வகையைப் பிக்கப்பில் மாட்டும்போது அந்த எண்ணை 1.10ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் ஒரு டயருக்கு 1,136 கிலோ. என் தேவைக்கு அது தாராளம். ஆனால் தினமும் சிமெண்ட் மூட்டை ஏற்றும் நண்பருக்கு இந்தப் பதிலை நான் சொல்ல மாட்டேன். அவருக்கு எல்டிதான்.

அகலத்திலும் ஒரு தவறான எண்ணம் இருந்தது. அகலமான டயர் அதிகம் பிடிக்கும் என்று நினைத்தேன். ஆழமான பனியில் குறுகலான டயர்தான் பனியைக் கீறிக்கொண்டு தரையைத் தொடும். அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். வண்டி தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளில் குறுகலானதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. புதிய இரும்பு ரிம் வாங்க என்னிடம் பணம் இல்லாததால் இருந்த அளவிலேயே நின்றுவிட்டேன்.

ஆணி வைத்ததா, வைக்காததா?

குளிர்கால டயரில் சிறு உலோக ஆணிகள் பதித்த வகையும் உண்டு. ஆல்பர்ட்டாவில் அதற்கு அனுமதி இருக்கிறது. வெறும் பனிக்கட்டியில் ஆணிக்கு நிகர் இல்லை. ஆனால் பனி அகற்றப்பட்ட தார்ச்சாலையில் அது இரைச்சல் போடும், சாலையையும் தேய்க்கும். நான் போகும் நெடுஞ்சாலையில் பனி வாரும் வண்டிகள் அடிக்கடி ஓடுவதால் பல நாள் கருந்தார் தெரியும். கிராமப்புறத்துச் சரளைச் சாலையில் வீடு வைத்திருப்பவருக்கு ஆணி டயர் சரியாக இருக்கலாம். எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கால்கரிக்கே உரிய இன்னொன்று, சினூக் எனும் வெப்பக் காற்று. ராக்கி மலைகளைத் தாண்டி இறங்கும் அந்தக் காற்று வந்தால், நடுக்குளிர்காலத்தில் சில மணி நேரத்திலேயே வெப்பநிலை 15, 20 டிகிரி ஏறிவிடும். பனி உருகிச் சாலையில் தண்ணீர் ஓடும். இரவில் அது மறுபடி உறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய பனிக்கட்டிதான் மிகவும் ஆபத்தானது. −25இல் இருக்கும் பனிக்கட்டியைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டி மேலே ஈரம் படிந்திருக்கும் பனிக்கட்டி அதிகம் வழுக்கும். இன்று வெயில் அடிக்கிறது, குளிர் குறைந்துவிட்டது என்று வேகம் எடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடையில் மூன்று பெயர்களைச் சொன்னார்கள்: பிரிஜ்ஸ்டோன் பிளிசாக், மிஷலின் எக்ஸ்-ஐஸ், நோக்கியன் ஹக்கபெலிட்டா. நோக்கியன், 1934இல் உலகின் முதல் குளிர்கால டயரைச் செய்த பின்லாந்து நிறுவனத்தின் வழிவந்தது. அந்த முதல் டயரும் லாரிகளுக்காகச் செய்யப்பட்டதுதான். நான் எடுத்தது பிளிசாக். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. என் அளவில் நான்கு டயரும் அன்று கையிருப்பில் இருந்தது அது மட்டும்தான். நவம்பரில் போய் நின்றால் அப்படித்தான் நடக்கும்.

இரண்டு மட்டும் போதுமா?

நான்கு டயர், மாட்டும் கூலி, வரி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,600 கனடா டாலர் வந்தது. நம் வெள்ளிக்கு ஐயாயிரத்துக்கு மேல். அந்தப் பணம் என்னிடம் இருந்தது. ஆனால் அது பொங்கலுக்கு ஊருக்கு வர விமான டிக்கெட்டுக்காகச் சேர்த்த பணம். அப்பா தவறிய பிறகு வரும் முதல் பொங்கல். வருகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

“பின்னால இரண்டு மட்டும் மாத்தினா போதாதா அண்ணே?” என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. “அது ஒண்டும் மாத்தாததை விட மோசம் தம்பி. பின்சில்லு பிடிக்கும், முன்சில்லு பிடிக்காது. ஸ்டீயரிங்கைத் திருப்புவீங்கள், வண்டி நேராப் போகும். காசு இல்லையெண்டா கொஞ்ச நாள் பஸ்ஸில போங்கோ. ரெண்டு டயர் நான் போட மாட்டன்.”

வியாபாரம் செய்பவர் ஒருவர், பாதி வியாபாரம் வேண்டாம் என்று சொன்னது என்னை யோசிக்க வைத்தது. வண்டியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது காலை நேரம். பேருந்துச் சம்பவத்தைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த டயரெல்லாம் ரப்பர்லதானேப்பா செய்றாங்க?” என்றார்.

“ஆமாம்மா. குளிருக்கு நம்ம பால்மரத்து ரப்பரும் சேர்ப்பாங்களாம்.”

“அப்புறம் என்ன யோசனை? நாலும் வாங்கு. பொங்கல் அடுத்த வருஷமும் வரும். அந்தப் பஸ்ல இருந்த பிள்ளைங்களுக்கும் அம்மா இருக்காங்கல்ல.”

இன்று உலகத்துக்கு இயற்கை ரப்பரில் பெரும்பங்கைத் தருபவை தாய்லாந்தும் இந்தோனேசியாவும். என் டயரில் இருந்தது எந்த ஊர்ப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

அதே சந்திப்பு

ஜனவரியில் ஒரு காலை. சினூக் அடித்து ஓய்ந்து, இரவு உறைந்த சாலை. அதே சந்திப்பில் விளக்கு சிவப்பாக மாறியது. ஒரு மூதாட்டி நாயைப் பிடித்துக்கொண்டு கடக்கத் தொடங்கினார். நான் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்திருந்தேன். பிரேக்கை மிதித்தேன். மிதி மீண்டும் அதிர்ந்தது. வண்டி லேசாகச் சறுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் நின்றது. அந்த மூதாட்டி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது ஒரு சாதாரணக் காலை. அது அப்படியே இருந்ததுதான் எனக்கு மகிழ்ச்சி.

டயர் மந்திரம் செய்யாது. முன் வண்டிக்கு விட வேண்டிய இடைவெளியையும் குறைக்க வேண்டிய வேகத்தையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல டயர் நம் பிழைக்குச் சில மீட்டர் இடம் கொடுக்கும். அந்தச் சில மீட்டரில்தான் பள்ளிப் பேருந்துகள் வருகின்றன.

கனடாவுக்கோ அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கோ படிக்கவும் வேலைக்கும் போகும் நம் பிள்ளைகள் இப்போது அதிகம். கம்பளிச் சட்டை, ஊறுகாய், மிளகாய்த் தூள் எல்லாம் பெட்டியில் வைத்து அனுப்புகிறோம். வண்டி வாங்கப் போகிறார்கள் என்றால் இவற்றையும் சொல்லி அனுப்புங்கள். வண்டியின் விலையோடு குளிர்கால டயரின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும். கூட்டம் சேருமுன், அக்டோபரிலேயே மாட்டிவிட வேண்டும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னத்தைப் பார்க்க வேண்டும். டயர் செய்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண் பக்கவாட்டில் இருக்கும். பழைய இருப்பைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். பள்ளம் 4 மில்லிமீட்டரை நெருங்கினால் பனிக்கு அந்த டயர் போதாது. வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கும்போதெல்லாம் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். குளிர் கூடியதும் காற்றைச் சரிபார்க்க வேண்டும். புதிதாக மாட்டிய சக்கரங்களின் நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வரவில்லை. போனில்தான் பால் பொங்கியதைப் பார்த்தேன். அடுத்த ஆண்டு வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் அவர் கேட்டது: “டயர் இன்னும் நல்லா இருக்காப்பா?”